ஊறலின் பசி

அழுகிய முட்டை வாடையோடுதான் என் தொழில் தொடங்கியது. 1987ஆம் வருஷம், மே மாதம், டிஸ்டிலரியில் எனக்கு முதல் நைட் ஷிப்ட். இரவு இரண்டு மணி சுமாருக்கு மூன்றாம் நம்பர் ஃபெர்மென்டரின் மேலே ஏறி, ஆள் நுழைகிற மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கறுத்த நுரை சோம்பலாகப் புரண்டுகொண்டிருந்தது. வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது.

"தலைய உள்ள விடாத தம்பி. உள்ள பூரா கேஸு. ஒரு மூச்சு இழுத்தா அப்படியே விழுந்துருவ."

அந்த ஆபரேட்டர் அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அச்சிறுபாக்கம் பக்கத்துக்காரர். மூடிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கையால் காற்றைத் தன் பக்கம் தள்ளி மோந்தார். இரண்டு முறை. பிறகு மூடியைச் சாத்தினார்.

"மொலாசஸ் கெட்டுப்போச்சாண்ணே?"

"மொலாசஸ் நல்லாத்தான் இருக்கு. ஊறலுக்குப் பசிக்குது. சாயங்கால ஷிப்ட்டுல உரம் போடல போல."

ஊறல் என்றார் அவர். எங்கள் லேப் ரெஜிஸ்டரில் அதற்குப் பெயர் வாஷ். பேப்பரில் போலீஸ் சாராய ஊறலை அழித்தார்கள் என்று வருமே, அதே சொல்தான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து ஓய்வு பெற்றபோது அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைத்திருக்கவில்லை. சர்க்கரை, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊறி வேறொன்றாக மாறும் நேரம் அது. பசிக்குது என்று அவர் சொன்னதும் உவமை இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி ரூமில் இருந்தேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில், அங்கிருந்து கம்பெனி பஸ். கல்யாணத்துக்குப் பிறகு சேலையூரில் வீடு. ரயிலில் திரும்பும்போது சட்டையோடு மொலாசஸ் வாடையும் வரும். என் மனைவி வாசலில் சட்டையை வாங்கும்போதே சொல்லிவிடுவாள்: "இன்னிக்கு என்ன, பழ வாசனை வருது?" அல்லது, "இன்னிக்கு ஏதோ சரியில்ல போல." அவள் கெமிஸ்ட்ரி படித்ததில்லை. பல நாள் அவள் சொன்னதுக்கும் எங்கள் லேப் ரிப்போர்ட்டுக்கும் வித்தியாசம் இருக்காது.

கரும்பிலிருந்து வரும் மதுவின் மணம் எங்கே உண்டாகிறது என்று வெளியாட்களிடம் கேட்டால், ஓக் பீப்பாய் என்பார்கள், அல்லது காய்ச்சி வடிக்கும் பாத்திரம் என்பார்கள். ஆலைக்குள் இருப்பவர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் முடிவாகிவிடுவது ஈஸ்ட்டுக்கு முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பாடு கிடைத்தது என்பதில். பிறகு நடப்பதெல்லாம் அங்கே பிறந்ததைப் பிரிப்பதும், நீக்குவதும், ஆற வைப்பதும்தான்.

மொலாசஸைப் பார்த்தால் யாரும் அதில் குறை இருக்கும் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். எங்கள் கரும்பு படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும். சின்ன வயதில் ஆலைத் தொட்டியில் மொலாசஸ் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். உருகிய தார் மாதிரி, கம்பி இழுத்துக்கொண்டு. எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை. மீதியில் பத்து சதவீதத்துக்கு மேல் சாம்பல் சத்து: பொட்டாசியம், கால்சியம், இன்னும் பல உப்புகள். பயோட்டின் என்ற வைட்டமின் தாராளமாக உண்டு. இவ்வளவும் இருந்தும் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் மிகக் குறைவு. இருக்கிற நைட்ரஜனில் பெரும் பங்கு, சாற்றைக் காய்ச்சும்போது சர்க்கரையோடு சேர்ந்து கருநிறப் பொருளாகக் கட்டிப்போய்விடுகிறது. ஈஸ்ட்டால் அதை உடைக்க முடியாது. பாஸ்பேட்டும் அப்படித்தான், சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்பு போடும்போது மண்டியோடு இறங்கிவிடுகிறது. ஆக, சர்க்கரை மலைபோல இருக்கிறது, உடம்பு கட்ட வழியில்லை. வெறும் கஞ்சித்தண்ணீரைக் குடித்துவிட்டு மூட்டை தூக்கப் போகும் ஆள் போல.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டு வெள்ளைச் சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலானவை சாற்றை வெளுக்கக் கந்தகப் புகை விடுகிறவை. அந்தக் கந்தகத்தில் ஒரு பங்கு சல்ஃபைட்டாக மொலாசஸ் வரை வந்துவிடுகிறது. அந்த இரவின் முட்டை வாடைக்கு வேர் இங்கேதான்.

ஈஸ்ட்டுக்கு மெத்தியோனின், சிஸ்டீன் என்று கந்தகம் கொண்ட இரண்டு அமினோ அமிலங்கள் வேண்டும். கிடைக்காவிட்டால் தானே செய்துகொள்ளும். கரைசலில் இருக்கும் சல்ஃபேட்டையும் சல்ஃபைட்டையும் உள்ளே இழுத்து, சல்ஃபைடு ஆக்கி, நைட்ரஜன் கொண்ட ஒரு கூட்டின் மேல் அதை ஏற்றி வைக்கும். நைட்ரஜன் இல்லை என்றால் அந்தக் கூடு தயாராகாது. சல்ஃபைடு மட்டும் தயாராகிக்கொண்டே இருக்கும். ஏற்றிவைக்க இடமில்லாத சரக்கைத் தெருவில் இறக்குவதுபோல, ஈஸ்ட் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே தள்ளிவிடும். ஆபரேட்டர் அண்ணனுக்கு இந்த வேதியியல் தெரியாது. வாடைக்கும் பசிக்கும் இருக்கும் தொடர்பு தெரிந்திருந்தது. அவர் மூக்கு எங்கள் கருவிகளுக்கு ஆறு மணி நேரம் முந்தியே சொல்லிவிடும்.

அன்று இரவு நான் செய்த காரியத்தை இங்கே எழுதியாக வேண்டும். உரம் போடவில்லை என்று தெரிந்ததும், ஸ்டோரைத் திறக்கச் சொல்லி, வழக்கமான அளவுக்கு ஒன்றரை மடங்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் கரைத்து அந்தத் தொட்டியில் ஊற்றினேன். ஊறல் போட்டு அப்போது பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் வேண்டாம் என்றார். "இப்ப போட்டா அது சாப்பிடாது தம்பி, வேற எதாச்சும் சாப்பிடும்." நான் கேட்கவில்லை. ஆல்கஹால் ஏறிய பிறகு ஈஸ்ட்டின் செல்சவ்வு அம்மோனியாவை உள்ளே விடுவது குறைந்துபோகும். மிஞ்சிய நைட்ரஜன் பாக்டீரியாவுக்குப் போனது. மறுநாள் மத்தியானம் அந்தத் தொட்டி புளித்த மோர் வாடை அடித்தது. பி.எச். விழுந்திருந்தது, ஆல்கஹால் குறைந்திருந்தது. காலம் (column) என்று நாங்கள் சொல்லும் வடிகோபுரத்தில் ஏற்றி வடித்தபோதும் கந்தக வாடை முழுதாகப் போகவில்லை. அந்த பேட்சை மறுபடி வடிக்க வேண்டியிருந்தது. நஷ்டம் என் பெயரில் எழுதப்பட்டது, எழுதியது சரிதான்.

அதற்குப் பிறகு ஊறலின் முதல் மணி நேரங்களை யாரிடமும் விட்டதில்லை.

உரம் என்ற சொல்லும் எங்கள் ஆலையில் அப்படியே புழங்கியது. காரணம் எளிது: வயலுக்கு வரும் அதே மூட்டைகள்தான் எங்களுக்கும் வந்தன. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். டி.ஏ.பி.யில் நைட்ரஜன் 18, பாஸ்பேட் 46. துத்தநாகக் குறைவுக்கு நெல்வயலில் தெளிக்கும் ஜிங்க் சல்பேட்டைத்தான் ஊறலுக்கும் துளி போட்டோம். ஈஸ்ட்டுக்குள் ஆல்கஹாலை முடித்துக்கொடுக்கும் நொதிக்குத் துத்தநாகம் இல்லாமல் ஓடாது. என் அப்பா கரும்புக்காரர். யூரியாவைக் கொட்டினால் கரும்பு பச்சைப் பசேலென்று வளர்ந்து சாயும், சாற்றில் சர்க்கரை இருக்காது, வெல்லம் கட்டி சேராது என்பார். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கோ 86032 ரகம் வந்த பிறகும் அதைத்தான் சொன்னார். எவ்வளவு, எப்போது என்ற இரண்டும்தான் அவருடைய விவசாயம். ஊறலிலும் அதே கேள்விகள்தான். ஒன்று மட்டும் கூடுதல், எந்த உருவத்தில் என்பது.

அந்த மூன்றாவது கேள்வியை நான் புரிந்துகொண்டது 1990களின் நடுவில், ஐந்து கண்ணாடிக் குடுவைகளில்.

எங்கள் லேபுக்குப் புதிதாக கேஸ் குரோமட்டோகிராஃப் வந்திருந்தது. மேலாளரிடம் அனுமதி வாங்கி, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அலுவலரின் பதிவேட்டில் எழுதி, ஒரே மொலாசஸை ஒரே அடர்த்திக்குக் கரைத்து ஐந்து குடுவைகளில் ஒவ்வொரு லிட்டர் ஊற்றினேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஈஸ்ட், ஒரே அளவு, 32 டிகிரி தண்ணீர்த் தொட்டி. முதல் குடுவைக்கு எதுவும் கிடையாது. இரண்டாவதுக்கு அரை கிராம் யூரியா, அதாவது 230 மில்லிகிராம் நைட்ரஜன். மூன்றாவதுக்கு அதே 230 மில்லிகிராம் வருமாறு டி.ஏ.பி., கிட்டத்தட்ட ஒண்ணேகால் கிராம். நான்காவதுக்கு, ஃபெர்மென்டர் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை எடுத்து, 50 டிகிரியில் ஒரு நாள் வைத்து, தானாகவே உடைந்து கரைந்த பிறகு கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு. ஐந்தாவதுக்கு மூன்றாவதைப் போல மூன்று மடங்கு டி.ஏ.பி.

ஆறு மணி நேரத்துக்குள்ளேயே முகங்கள் வேறாகிவிட்டன. மூன்றாவதும் ஐந்தாவதும் கொதிக்கிற பால்போலப் பொங்கின. நான்காவது அமைதியாக, சின்னச் சின்னக் குமிழிகளோடு சீராக ஓடியது. முதல் குடுவை தூங்கியது. பதினைந்தாவது மணியில் அதிலிருந்து மட்டும் அந்தப் பழைய வாடை வந்தது. முட்டை.

மற்றவை முப்பது மணிக்குள் அடங்கின. முதல் குடுவை மூன்றாம் நாள்வரை முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்ணாடிச் சாதனத்தில் வடித்தேன். காலம் இல்லாத, வெறும் பாத்திர வடிப்பு. அதனால் ஊறலில் பிறந்தது பெரும்பாலும் அப்படியே வந்தது.

முதல் குடுவையின் வடிப்பு மூக்கைக் குத்தியது. கந்தகத்துக்குப் பின்னால் பெயின்ட் கடையில் வரும் எண்ணெய்க் கனம், தொண்டையில் இறங்காத ஒரு காரம். சார்ட்டில் ஐசோஅமைல் ஆல்கஹாலின் சிகரம் மற்றவற்றைவிட உயரமாக நின்றது. யூரியா, டி.ஏ.பி. இரண்டும் சுத்தமாக இருந்தன. அந்தச் சிகரம் தாழ்ந்திருந்தது, மணம் மெல்லியது. சோடா போலத் தெளிவு, ஆனால் ஞாபகத்தில் நிற்காது. மூன்று மடங்கு போட்ட ஐந்தாவதில் நகப்பூச்சு வாடை தூக்கலாக வந்தது. அது எத்தில் அசிடேட்.

நான்காவதை மோந்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் நன்றாகப் பழுத்த பூவன். அது ஐசோஅமைல் அசிடேட், மிட்டாய்க் கடையின் வாழைப்பழ எசென்ஸும் அதேதான். அதற்கு அடியில் கொதிக்கிற வெல்லப்பாகு. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு ஆல்கஹால் ஆவியான பிறகு மோந்தால், கடைசியில் ரோஜா. பன்னீர் ரோஜா இதழைக் கசக்கினால் வருமே, அது. ஃபீனைல் எத்தனால் என்று பின்னர் சார்ட்டில் பார்த்துக்கொண்டேன். ஒரே கரும்பு, ஒரே ஈஸ்ட். சாப்பாடு மட்டும் வேறு.

காரணத்தைச் சொல்லியவர் ஃபெலிக்ஸ் எர்லிக் என்ற ஜெர்மானியர், 1907இல். ஈஸ்ட் அமினோ அமிலங்களைச் சாப்பிடும்போது அவற்றின் நைட்ரஜனைக் கழற்றி வைத்துக்கொள்கிறது. மீதி எலும்புக்கூடு அதற்கு வேண்டாதது. அதை உயர் ஆல்கஹாலாக மாற்றி வெளியே விட்டுவிடுகிறது. லூசினிலிருந்து ஐசோஅமைல், வேலினிலிருந்து ஐசோபியூட்டனால், ஃபீனைல் அலனினிலிருந்து அந்த ரோஜா. சாப்பாட்டில் என்ன அமினோ அமிலம் இருந்ததோ அதன் நிழல் மணத்தில் விழுகிறது. இது ஒரு பாதை. இன்னொரு பாதை பட்டினியில் திறக்கிறது. நைட்ரஜன் போதாத ஈஸ்ட் சர்க்கரையிலிருந்தே அந்த எலும்புக்கூடுகளைச் செய்துவிடும். மேலே வைக்க நைட்ரஜன் இல்லாததால் அவையும் உயர் ஆல்கஹாலாகவே வெளியேறும். முதல் குடுவையின் எண்ணெய்க் கனம் அதுதான். அம்மோனியா தாராளமாகக் கிடைத்தால் இரண்டு பாதைகளுமே ஒடுங்குகின்றன. சுத்தமான, மணம் குறைந்த வடிப்பு வரும். நல்ல நைட்ரஜன் கிடைத்த ஈஸ்ட்டில் எஸ்டர் கட்டும் நொதிகளும் சுறுசுறுப்பாகின்றன. அவைதான் காரமான ஆல்கஹாலைப் பழ மணமாக மாற்றுகிறவை.

சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. நாம விக்கிறது ஈ.என்.ஏ. இதுல மணம் இருந்தா ரிஜெக்ட்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1983இல் டாஸ்மாக் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் வளர்ந்த ஆலைகள் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்தன: மொலாசஸிலிருந்து ஈ.என்.ஏ. என்ற 96 சதவீத ஆல்கஹால், நிறமும் மணமும் இல்லாமல். ரம், பிராந்தி, விஸ்கி என்று லேபிள் பிரிவது அதற்குப் பிறகு, கலவையில். வரிசையாக நிற்கும் காலங்களில் ஒன்று தண்ணீர் விட்டு மணப் பொருள்களைப் பிரிக்கும். இன்னொன்றின் நடுத்தட்டுகளில் உயர் ஆல்கஹால்கள் ஃபியூசல் ஆயிலாகச் சேரும். அதை மஞ்சள் எண்ணெயாகத் தனியே இழுத்து, தண்ணீரில் கழுவி, டிரம்மில் அடைத்து விற்றுவிடுவோம். பூவனாக மாறியிருக்க வேண்டியது டிரம்மில் போகும். ரோஜாவோ 220 டிகிரியில் கொதிப்பது. அது காலத்தின் மேலே ஏறுவதே இல்லை, கழிவோடு அடியில் இறங்கிவிடும். அந்த டிரம்களை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இதை எங்கள் ஆபரேட்டர் அண்ணனிடம் சொன்னபோது அவர் வேறொரு கதை சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது ஊருக்கு வெளியே முள்காட்டில் பானைகளைப் புதைத்து ஊறல் போடுவார்களாம். வெல்லம், வெள்வேலம் பட்டை, அழுகிய வாழைப்பழம், நவச்சாரம். பட்டைச் சாராயம் என்ற பெயரே அந்த வேலம்பட்டையால் வந்தது. "நவச்சாரம் எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "அது போட்டாத்தான் பொங்கும்." நவச்சாரம் என்றால் அம்மோனியம் குளோரைடு. ஈஸ்ட்டின் நைட்ரஜன் பசியைப் பாடப்புத்தகம் இல்லாமல் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். வெல்லத்துக்கு மொலாசஸைவிட ஒரு நன்மையும் உண்டு: சாற்றின் அமினோ அமிலங்களும் தாதுக்களும் சர்க்கரையோடு சேர்ந்தே அதில் தங்கிவிடுகின்றன, சர்க்கரை தனியே பிரிந்து போவதில்லை. வேலம்பட்டையின் துவர்ப்பு புரதத்தைப் பிடித்துக் கீழே இறக்கி ஊறலைத் தெளியவைக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2023 மே மாதம் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரக்காணத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போனார்கள். அக்கம்பக்கத்தினர் என்னிடம் கேட்டார்கள், ஊறல் கெட்டுப்போனால் இப்படி ஆகுமா என்று. ஆகாது. அங்கே கொன்றது மெத்தனால். மெத்தனால் பழங்களில் இருக்கும் பெக்டினிலிருந்து கொஞ்சம் பிறக்கும்; கரும்பில் பெக்டின் மிகக் குறைவு. ஆளைக் கொல்கிற அளவு எந்த ஊறலிலும் தானாக உண்டாவதில்லை. தொழிற்சாலைக் கரைப்பானை யாரோ வாங்கி வந்து கலந்தால்தான் அந்த அளவு வரும். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். நான் செய்த தொழிலின் பெயரோடு அந்தச் சாவுகள் சேர்த்துப் பேசப்படும்போது எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

யூரியாவைப் பற்றி என் முடிவை வெளிப்படையாக எழுதுகிறேன். குடிக்கிற மதுவுக்கான ஊறலில் அதைப் போடக்கூடாது. ஈஸ்ட் யூரியாவை அம்மோனியாவாக உடைத்துச் சாப்பிடும். அதற்கு வேண்டிய பயோட்டின் மொலாசஸில் இருக்கவே இருக்கிறது. ஆனால் சாப்பிடாமல் மிஞ்சிய யூரியா ஆல்கஹாலோடு சேர்ந்து, சூட்டில் எத்தில் கார்பமேட்டாக மாறுகிறது. கனடா 1985லேயே காய்ச்சி வடித்த மதுவில் லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்று அதற்கு வரம்பு வைத்தது. 2007இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்கள் வரிசையில் வைத்தது. பெரிய காலங்களில் வடிக்கும்போது பெரும்பகுதி கீழே தங்கிவிடும் என்பது உண்மை. பாத்திர வடிப்பில் அந்தப் பாதுகாப்பு குறைவு. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு யூரியா போடட்டும், விலை மலிவு. குடிப்பதற்கு டி.ஏ.பி.யும் ஈஸ்ட் சாறும் போதும். நான் இதை எழுதிக் கொடுத்தபோது மூட்டைக்கு எவ்வளவு கூடுதல் என்ற கணக்கு மட்டும்தான் திரும்பி வந்தது. எட்டு வருடம் விடாமல் எழுதினேன். ஒன்பதாவது வருடம் மாற்றினார்கள்.

மணமே குறியாக இருக்கும் ஊர்களும் உண்டு. ஜமைக்காவில் வடித்து முடித்த கழிவுத் தண்ணீருக்கு டண்டர் என்று பெயர். அதைக் கொட்டமாட்டார்கள். தேக்கிவைத்து அடுத்த ஊறலில் கலப்பார்கள். செத்த ஈஸ்ட்டின் அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், கரிம அமிலங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஹாம்ப்டன் போன்ற பழைய ஆலைகளில் குழிகளில் பாக்டீரியா ஊறவைத்த சேற்றையும் சேர்த்து, அன்னாசியும் அழுகல்பழமும் கலந்த கனமான ரம் செய்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் ரஃபேல் அரோயோ என்பவர் ரம் ஊறலில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மணத்துக்கு என்ன செய்கின்றன என்று வருடக்கணக்கில் ஆராய்ந்து 1945இல் புத்தகமே போட்டார். அதன் ஜெராக்ஸ் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, பைண்டிங் விட்டுப்போய். நம் ஆலைகளில் டண்டருக்கு ஸ்பென்ட் வாஷ் என்று பெயர். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்குப் பத்து லிட்டர் சுமாருக்கு வரும். ஆற்றில் விடக்கூடாது என்பது சட்டம், அது நியாயமான சட்டம். அதனால் சுண்டக்காய்ச்சி பாய்லரில் எரிக்கிறோம், சர்க்கரை ஆலை மண்டியான பிரஸ்மட்டோடு கலந்து உரமாக்குகிறோம். அதில் ஒரு பங்கை ஊறல் கரைக்கத் திருப்பி விடுகிற ஆலைகளும் உண்டு. தண்ணீர் மிச்சம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் திருப்பிவிட்ட நாட்களில் ஊறலின் வாசனை மாறுவதை எங்கள் ஆட்கள் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். அளவு மீறினால் உப்பேறி ஈஸ்ட் சோர்ந்துவிடும். அளவோடு இருந்தால் அதுவும் சாப்பாடு. பெங்களூரில் அம்ருத் நிறுவனம் வெல்லத்திலிருந்து ரம் செய்து மேற்கிந்தியத் தீவு ரம்மோடு கலந்து பெயர் வாங்கியபோது எனக்கு மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வந்தன. வெல்லம் காய்ச்சும் ஊர்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன!

இப்போது சாயங்கால நடையில் மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவேன். அங்கே ஒரு கரும்புச்சாறு வண்டி. மே மாத வெயிலில், மூன்று மணிக்கு மேல், வண்டிக்குப் பின்னால் குவித்திருக்கும் சக்கையருகே நின்றால் ஒரு முழு ஃபெர்மென்டேஷன் பாடம் கிடைக்கும். காலையில் பிழிந்தது அடியில், காடி வாடை. நடுவில் இருப்பதில் நகப்பூச்சு. மேலே, ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டதில், மெல்லிய ஆப்பிள் மணம், சுற்றிலும் பழ ஈக்கள். யாரும் ஈஸ்ட் போடவில்லை, உரமும் போடவில்லை. கரும்புத் தோலில் ஒட்டியிருந்த உயிர்கள் அவை. பச்சைச் சாற்றிலும் நைட்ரஜன் குறைவுதான். ஆனால் காய்ச்சாததால் இருக்கிற கொஞ்சமும் ஈஸ்ட்டுக்கு எட்டும்படி இருக்கிறது. மார்ட்டினிக் தீவில் பச்சைச் சாற்றிலிருந்து நேராகச் செய்யும் ரம்முக்கு 1996இல் புவியியல் தரப் பெயர் கொடுத்தார்கள். அங்கேயும் வெட்டிய கரும்பைக் காக்கவைக்க முடியாது. ஒரு நாள் தாமதமானால் வழவழப்பு பாக்டீரியா சர்க்கரையைப் பசையாக்கிவிடும். படாளம் ஆலை வாசலில் லாரி வரிசையில் அப்பா பதறிக்கொண்டு நிற்பார், எடை குறையுதே என்று. எடையோடு மணமும் போய்க்கொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

போன மாதம் ஒரு போன் வந்தது. ஓர் ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கெமிஸ்ட், குரோம்பேட்டைப் பெண். என்னோடு வேலை பார்த்தவர் நம்பர் கொடுத்திருக்கிறார்.

"சார், ரெண்டு வாரமா ஃபெர்மென்டர்ல சல்ஃபர் ஸ்மெல் வருது. மொலாசஸ் மாறியிருக்கு. இப்ப பி-ஹெவி."

பி-ஹெவி மொலாசஸில் இன்னும் சர்க்கரை எடுக்காமல் விட்டிருப்பார்கள். சர்க்கரை அதிகம், உப்பு குறைவு, ஈஸ்ட்டுக்குச் சுலபம் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். சர்க்கரைக்கு ஏற்ற நைட்ரஜன் பழைய மொலாசஸைவிடக் குறைவு என்பதை மறந்துவிடுவார்கள். உரத்தின் அளவு பழைய அளவாகவே இருக்கும்.

"எத்தனாவது மணியில நியூட்ரியன்ட் போடுறீங்கம்மா?"

"ஃபில் ஆனதும் சார். பத்து, பன்னெண்டு மணி நேரம் ஆயிடும்."

"பாதி, ஈஸ்ட் வளர்க்கிற தொட்டியிலேயே போடுங்க. மீதியை மூணு மணி நேரத்துக்குள்ள. அப்புறம் எதுவும் வேண்டாம். அடியில வர்ற ஈஸ்ட் மண்டிய என்ன பண்றீங்க?"

"டிரெயின்ல விட்டுருவோம் சார்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் பம்ப் ஓடும் ஓசை கேட்டது. யாரும் அளந்ததில்லை சார், என்றாள். திங்கட்கிழமை அவளுக்கு நைட் ஷிப்ட். வாளி வைத்துப் பிடித்து அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மூடிக்குள் தலையை விடாதே, ஒரு முழம் தள்ளி நின்று கையால் விசிறி மோந்து பார் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.